ராக்கோழி பகலுக்கு வந்த கதை

அவருடைய உண்மையான பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் ராக்கோழி. பத்தொன்பது வருஷம் இரவு ஷிப்டிலேயே கிடந்த மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஒருமுறை மேனேஜரே ஒரு கூட்டத்தில் வாய் தவறி "மிஸ்டர் ராக்கோழி" என்று சொல்லிவிட்டு, காது சிவக்க நின்றார். இவர் நிதானமாக எழுந்து "சொல்லுங்க சார்" என்றார்.

நான் அங்கே கருவிக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவன். காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து நான் இறங்குவேன், அவர் அதே பஸ்ஸில் ஏறுவார். பல வருஷங்களாக எங்கள் பழக்கம் அந்தப் படிக்கட்டு அளவுதான். "என்ன தம்பி." "வாங்கண்ணே." முடிந்தது. அவர் பகலுக்கு வந்த பிறகுதான் மாலையில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வீடு திரும்ப ஆரம்பித்தோம். இங்கே நான் சொல்வதில் பெரும்பகுதி அந்த நாற்பது நிமிஷப் பயணங்களில் கேட்டது. மிச்சத்தை அவர் மனைவி சொன்னார்.

நாங்கள் கனரக வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்கிறோம். கடைந்தெடுத்த சக்கரம் அப்படியே வண்டிக்குப் போனால் ஒரு மாதத்தில் பல் தேய்ந்துவிடும். அதை உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெய்த் தொட்டியில் முக்கி இறுக்க வேண்டும். அந்த வேலைதான் ராக்கோழியுடையது. ஆள் உயரத்துக்கு மூன்று மின்உலைகள். தொழிற்சாலை முழுவதும் இழுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கை அவை விழுங்கிவிடும். இரவில் மின்சாரம் மலிவு என்பதால் பழைய நிர்வாகம் உலைகளை இரவுக்குத் தள்ளியிருந்தது.

அவர் இரவுக்குப் போனதற்குக் காரணம் உலை இல்லை, மகள். குழந்தை பிறந்தபோது அவர் மனைவி குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நாள் முழுக்கத் தொலைபேசியை எடுத்து, தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்துவிட்டது என்று ஊரார் கொட்டுவதையெல்லாம் காதில் வாங்கும் வேலை. அதை விட மனமில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை. பகலில் கணவர், இரவில் மனைவி என்று பிரித்துக்கொண்டார்கள். இரண்டு வருஷத்துக்கு என்று செய்த ஏற்பாடு. குழந்தை பள்ளிக்குப் போனது, பள்ளியை முடித்தது, பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தது. ஏற்பாடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். மூன்றாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். படுக்கையறை ஜன்னலில் தடித்த கறுப்புத் துணியை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கி வருஷக்கணக்காகிறது. மிக்ஸி மாலை நான்கு மணிக்கு மேல்தான் ஓடும். விடுமுறை நாளென்றால் அம்மாவும் மகளும் பூனை மாதிரி நடப்பார்கள். மகளுக்குப் பேச்சு வந்ததே கிசுகிசுப்பாகத்தான். "சத்தமாகப் படிப்பதில்லை" என்று ஒரு ஆசிரியை மதிப்பெண் அட்டையில் எழுதி அனுப்பினார். அதை வாசித்துவிட்டு மூன்று பேரும் சத்தமில்லாமல் சிரித்தார்களாம்.

கணவனும் மனைவியும் காலையில் இருபது நிமிஷம், மாலையில் ஒரு மணி நேரம் சந்தித்துக்கொண்டார்கள். மற்றதெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டு. "கேஸ் தீரப்போகுது." "இவளுக்குக் காய்ச்சல் விட்டிருச்சு, பள்ளிக்கு அனுப்பலாம்." சண்டைகூட சீட்டில்தான். சீட்டில் சண்டை போட்டால் நீளாது என்பார் அவர்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் வந்து சேர்ந்தது அந்த அறிவிப்பு.

எங்கள் கம்பெனிக்கு நான்கு நாடுகளில் பதினொரு தொழிற்சாலைகள். அத்தனையும் இனி வெயிலிலும் காற்றிலும் இருந்து வரும் மின்சாரத்தில் மட்டுமே ஓடும் என்று தலைமை அலுவலகம் உலகறிய உறுதி கொடுத்தது. கூரை முழுக்கச் சூரியத் தகடுகள் ஏறின. எங்கோ பொட்டல் வெளியில் கம்பெனிக்கென்று ஒரு பெரிய சூரியப் பண்ணையும் வந்தது. இதை எங்களுக்கு விளக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பொறியாளர் வந்தார். இரண்டே நாளில் அவருக்கு வெயில் மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது.

மாலை ஏழு மணிக்கு, இரண்டு ஷிப்டும் சந்திக்கும் நேரத்தில், கேன்டீனில் கூட்டம். திரையில் படம் ஓடியது. நம் கம்பெனி ஏற்கெனவே நூறு சதவீதத்தை எட்டிவிட்டது என்றார் மேடம். கைதட்டினோம். தட்டி முடித்த பிறகு பின்வரிசையில் ஒரு கை தூக்கியபடி நின்றது.

"ஒரு சந்தேகம் மேடம். நான் உலையைப் போடறதே ராத்திரி எட்டு மணிக்கு. அப்ப வெயில் எங்க இருந்து வருது?"

கேன்டீனே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

"வருஷத்துக்குச் சேர்த்துச் சொல்றோம்ணா. பகல்ல நமக்குத் தேவைக்கு மேல வர்ற கரண்ட்டைப் பொது லைன்ல விட்டுடறோம். ராத்திரி அதே அளவு திரும்ப எடுத்துக்கறோம். வருஷக் கடைசியில ரெண்டும் சரியாப் போயிடும்."

"சரி மேடம். ஆனா ராத்திரி நான் எடுக்கறப்ப அந்த லைன்ல என்ன ஓடுது?"

"பெரும்பாலும் நிலக்கரி."

"அப்ப என் உலை நிலக்கரியிலதான் எரியுது."

மேடம் ஒரு கணம் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். "ஆமாண்ணா. அந்த நேரத்துக்கு அப்படித்தான்" என்றார்.

எதையோ பிடித்துவிட்டோம் என்ற நினைப்பில் ராக்கோழி கேட்கவில்லை. புரியவில்லை, கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி மேடத்துக்குள் முள் மாதிரி ஏறிவிட்டது போல. இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். இந்த முறை திரையும் இல்லை, கூட்டமும் இல்லை. ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் நேராக உலைகளுக்குப் போய், கவிழ்த்துப் போட்ட, சக்கரம் அடுக்கும் ஓர் இரும்புத் தட்டின் மேல் உட்கார்ந்தார். ஆண்டு மொத்தம் போதாது, மணிக்கு மணி பொருந்த வேண்டும் என்று தலைமை அலுவலகத்தில் பேசிப் பேசி அவரும் இன்னும் இரண்டு பேரும் ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். எந்த மணியில் எவ்வளவு மின்சாரம் எரிக்கிறோமோ, அதே மணியில் அவ்வளவும் வெயிலிலோ காற்றிலோ பிறந்திருக்க வேண்டும்.

"இந்த வேலையைப் பகல்ல செய்ய முடியுமாண்ணா?"

ஒரு லோடு ஏற்றி, காய்ச்சி, முக்கி எடுக்க நான்கு மணி நேரம் ஆகும். காலை எட்டுக்குத் தொடங்கினால் வெயில் இறங்குவதற்குள் உலைக்கு இரண்டு லோடு. இரவில் மூன்று எடுத்தார்கள். இன்னும் ஓர் உலையும், முதல் லோடை ஏற்றி இறக்க இன்னும் இரண்டு ஆளும் இருந்தால் கிட்டத்தட்ட அதே கணக்கு வந்துவிடும். ராக்கோழி விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிட்டார். மேடம் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு நம்பியிருக்கும் தம்பி" என்றார் பிறகு என்னிடம். "உலையைப் பத்திக் கேட்டா எனக்குப் பொய் வர மாட்டேங்குது. என்ன பண்ண."

நான்காவது உலை வந்து இறங்கியதும் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். உலைகள் இருக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவு முழுவதும் பகலுக்கு. அந்தப் பிரிவில் பதினொரு பேர். அத்தனை பேருக்கும் இரவுப்படி போய்விடும். அதில் பெரிய அடி கொக்கிக்கு. கொக்கி என்பவர் உலைக்கு மேலே ஓடும் கிரேனை இயக்குபவர். பகலில் ஒரு பள்ளிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருமானத்தை வைத்து வீட்டை ஓட்டியவருக்கு ஒன்று கையைவிட்டுப் போனது.

"உங்களை யாருண்ணே கேள்வி கேக்கச் சொன்னது?" என்றார் கொக்கி, கை கழுவும் இடத்தில், எல்லோர் முன்னாலும். "கைதட்டிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?"

 அன்றே ராக்கோழி மேனேஜர் அறைக்குப் போய், மேடத்தைத் தொலைபேசியில் பிடித்துத் தரச் சொன்னார். பகலுக்கு மாறுவது கம்பெனி கொடுத்த வாக்குக்காக, அதற்கு இந்தப் பதினொரு குடும்பம் ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்று கேட்டார். அது என் கையில் இல்லையே அண்ணா என்றார் மேடம். "யார் கையில இருக்கோ அவங்ககிட்ட சொல்லுங்க. என் உலைக் கணக்கை எழுதிக்கிட்டுப் போனீங்கல்ல, இதையும் எழுதிக்கிட்டுப் போங்க" என்றார் இவர். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பதினெட்டு மாதத்துக்கு இரவுப்படியின் அளவு தொகை தொடரும், அதன் பிறகு கிடையாது. பாதி வெற்றி என்று சிலர் சொன்னார்கள். கொக்கி அதை வெற்றியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மின்சாரம் அதிகம் தேவைப்படாத பேக்கிங் பிரிவில் இரவு ஆள் கேட்டார்கள், அங்கே மாறிப் போனார். கிரேன் தெரிந்த கை, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டப் போனது. அதற்குப் பிறகு ராக்கோழியைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டார்.

இதெல்லாம் தொழிற்சாலையில். வீட்டில் நடந்தது வேறு.

பகலுக்கு வந்த முதல் வாரம், அவருக்கு உலை முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்ததாம். சூரியத் தகடுகளுக்கு நடுவே கூரையில் விட்டிருந்த கண்ணாடி வழியாக வெயில் விழ, பழுத்த இரும்பு வெளிறிப்போய்த் தெரிந்தது. வெப்பமானியில் எண் சரியாகத்தான் இருந்தது. அவர் இரண்டு முறை சந்தேகப்பட்டு ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பத்து நாளில் அது பழகிவிட்டது. பழகாமல் போனது தூக்கம். இரவு பத்து மணிக்குப் படுப்பார். கொட்டக் கொட்ட விழித்திருப்பார். எழுந்து தண்ணீர் குடிப்பார், நாற்காலியை நகர்த்துவார், ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார். நடுஜாமத்துக்கு மேல் தூங்கினாலோ குறட்டை. பத்தொன்பது வருஷமாக அந்தக் குறட்டை கேட்டது சுவர் ஒன்றுக்குத்தான். அவர் மனைவி காலையில் வாரியத்துக்குக் கண் சிவந்து போனார்.

மாலைகள் அதைவிடச் சங்கடம். மகள் வேலைவிட்டு வந்ததும் காதில் எதையாவது மாட்டிக்கொள்வாள். மனைவி ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்காருவார். இவர் எதிரே போய் உட்கார்ந்து, "என்ன பண்ற?" என்பார். "இந்த மின்விசிறி ஏன் சத்தம் போடுது?" என்பார். "அந்த ரெண்டாவது வீட்டுல யாரு இருக்காங்க?" என்பார். பேச்சுக்காகப் பேச்சு. ஒரு மாதம் போல அந்த அம்மாள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு ஒருநாள் பேனாவை மூடி வைத்தார்.

"என்னங்க, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளு."

"பேக்கிங் பிரிவுல நைட் இருக்குன்னீங்களே. நீங்களும் அங்க கேட்டுப் பாருங்களேன்."

 "என்னை வீட்டைவிட்டுத் துரத்தறியா?" என்றார் அவர். வேடிக்கையாகச் சொல்ல நினைத்தார். குரல் அப்படி வரவில்லை.

"துரத்தலைங்க. பகல் முழுக்க என் காதுக்குள்ள ஊரே கத்துது. இங்க வந்து கதவைச் சாத்தினா சத்தமே இருக்காது. ஏழு மணிக்கு மேல இந்த வீடு எனக்கு மட்டும்தான். பத்தொன்பது வருஷம் அதுலதான் நான் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். உங்க மேல பாசம் இல்லாம சொல்லலை."

இதை அவர் என்னிடம் சொல்லும்போது பஸ் ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. ராக்கோழி ஜன்னலைப் பார்த்தபடி, "நியாயமாத்தான் இருந்துச்சு தம்பி. அதுதான் ரொம்ப வலிச்சுது" என்றார்.

பேக்கிங்குக்கு அவர் கேட்கவில்லை. கொக்கியின் முகத்தில் எப்படி விழிப்பது? அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தார். ஓவர்டைம் இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு, பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நகராட்சி நூலகத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். செய்தித்தாள் முழுவதையும் வரி விளம்பரம் வரை படிப்பார். எட்டரைக்கு நூலகத்தைப் பூட்டும்போதுதான் எழுவார். இப்படி ஐந்து வாரம் ஓடியது.

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வீட்டுக்கு வந்தபோது குட்டு உடைந்தது. ஓவர்டைம் என்ற இடத்தில் கோடு மட்டும் இருந்தது. அந்த அம்மாள் வேறு மாதிரி எதையெதையோ நினைத்துப் பயந்துவிட்டார். மறுநாள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே வந்து, தூரத்தில் பின்னாலேயே நடந்து, நூலக ஜன்னல் வழியாகப் பார்த்தார். ராக்கோழி மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, மேசையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முன்னால் வேளாண்மை மாத இதழ் ஒன்று விரிந்து கிடந்தது. வீட்டில் ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது.

அந்த அம்மாள் உள்ளே போய்த் தோளைத் தட்டினார்.

"ஓவர்டைம் முடிஞ்சுதா?"

ராக்கோழி எழுந்து நின்றுவிட்டார், பள்ளிப் பையன் மாதிரி. நூலகர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். இரண்டு பேரும் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்கள்.

"கேட்டது நான்தான். ஆனா பொய் சொல்லி ஊரைச் சுத்துங்கன்னு கேட்கலையே."

"வேற எப்படிச் செய்யறதுன்னு தெரியலைம்மா. நீ சொன்ன மாதிரி ஒரு அமைதி எனக்கும் அங்க இருந்துச்சு. ராத்திரி உலை முன்னாடி. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. பகல்ல அது இல்லை. வீட்டுக்கு வந்தா உன்கிட்ட இருக்கறதையும் நான் பிடுங்கறேன்."

அன்று அங்கே ரொம்ப நேரம் பேசினார்களாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். முடிவு பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் மாலை அவர் நூலகத்துக்குப் போவார், சொல்லிவிட்டே. மற்ற நாளில் சமையல் அவருடையது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் உள்ளே, ஜன்னலோரம் மனைவி வெளியே. முதல் மாதம் எல்லாவற்றிலும் உப்பு தூக்கலாக இருந்தது. மகள்தான் முதலில் வாய்விட்டுக் கத்தினாள். "அப்பா, இதை மனுஷன் தின்பானா?" கத்திவிட்டு அவளே திடுக்கிட்டுப் போனாள். அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும் என்றார் ராக்கோழி பெருமையாக.

கம்பெனியின் வாக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்ல வேண்டும். உலைப் பிரிவில் மேடம் ஒரு பலகை வைத்தார். மணிக்கு மணி எத்தனை சதவீதம் என்று அதில் எண் ஓடும். நல்ல வெயில் மாதங்களில் தொண்ணூற்றைத் தாண்டியது. மழைக்காலத்தில் ஒரு வாரம் மேகமே விலகவில்லை. இரண்டு நாள் உலையை நிறுத்திப் பார்த்தார்கள். அதற்குள் வாடிக்கையாளர் கத்த ஆரம்பித்தார், மூன்றாம் நாள் பொது லைனில் ஓட்டினார்கள். அந்த மாதம் எண் ஐம்பத்தெட்டு. வருஷம் முழுக்க மணிக்கு மணி பார்த்தால் எண்பத்து மூன்று. ஆனால் வாசலில் இருந்த விளம்பரத்தில் நூறு என்றே இருந்தது. அது ஆண்டுக் கூட்டல், பொய்யும் இல்லை. பார்வையாளர்கள் இரண்டு எண்ணையும் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள் என்று மேனேஜர் பலகையை உள்ளே, எண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால் மாற்றினார். மேடம் வந்து பார்த்தபோது அவர் முகம் சுண்டிப்போனது. ராக்கோழி உணவு இடைவேளையில் ஒரு துணியை நனைத்துப் பலகையின் மேல் படிந்திருந்த எண்ணெய்ப் புகையைத் துடைத்து வைத்தார். அன்றிலிருந்து தினமும் துடைக்கிறார். அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வருஷம் கம்பெனி கடலோரத்தில் காற்றாலைகளிலும் பங்கு வாங்கியது. காற்று ராத்திரியிலும் அடிக்கும். பலமாகக் காற்று வீசும் நான்கு மாதங்களில் ஓர் உலையை இரவிலும் ஓட்டலாம், மணிக் கணக்கும் பொருந்தும் என்று மேடம் கணக்குப் போட்டுக் காட்டினார். இரவுப்படி உண்டு. விருப்பமுள்ளவர் பெயர் எழுதலாம், மூத்தவருக்கு முதல் உரிமை என்று தாள் ஒட்டினார்கள்.

பிரிவில் எல்லோரும் ராக்கோழியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தாளைப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அன்று நூலகத்துக்குப் போகும் நாள். போகாமல் நேராக வீட்டுக்குப் போய், மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் புதிரில் ஒரு கட்டத்தை நிரப்பி முடித்தார்.

"நாலு மாசமுமா?"

"நாலு மாசம். நீ கேட்டதுதானே."

"கேட்டேன்தான்." அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றினார். "நாலு வேண்டாம். ரெண்டு போங்க."

"ரெண்டு யாருக்கு, உனக்கா எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்" என்றார் அந்த அம்மாள்.

மறுநாள் காலை ராக்கோழி வேலைக்கு உடை மாற்றுவதற்கு முன்பே பேக்கிங் பிரிவுக்குப் போனார். இரவு ஷிப்ட் முடிந்து கொக்கி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு மாதம் நான், அடுத்த இரண்டு மாதம் நீ, கிரேனுக்கு எப்படியும் ஆள் வேண்டும், சம்மதமா என்று கேட்டார். 

"உங்க மேல எனக்குக் கோபம் போகலைண்ணே."

"போக வேண்டாம். பேரை எழுதறதா வேண்டாமா, அதைச் சொல்லு."

"எழுதுங்க" என்றார் கொக்கி.

அந்தத் தாள் என் கிடங்குக்குப் பக்கத்துச் சுவரில்தான் ஒட்டியிருந்தது. ராக்கோழி என் மேசையிலிருந்து பேனாவை வாங்கி, இரண்டு பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். உண்மையான பெயர்கள். எனக்குச் சட்டென்று யார் யார் என்றே விளங்கவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதல் லோடுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் உலைப் பக்கம் நடந்தார்.